பெப்ரவரியைத் தாண்டும் கன்றுகள்: ரொறன்ரோவில் புதிதாகத் தோட்டம் போடுவோருக்கு

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் முதன்முதலாக வளவோடு வீடு வாங்கிய பிள்ளைகளை மே மாதம் பிறந்ததும் கார்டன் சென்ரர்களில் பார்க்கிறேன். தள்ளுவண்டி நிறையப் பூக்கன்றுகள். விலையும் லேசில்லை. அவற்றில் எத்தனை அடுத்த மே மாதம் துளிர்க்கும் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. மே மாதத்தில் எந்தக் கன்றும் அழகாகத்தான் நிற்கும். விற்பதற்கென்றே அதைக் கண்ணாடிக் கூடத்தில் சூடு கொடுத்து வளர்த்துப் பூக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெப்ரவரியில் இது என் மண்ணில் உயிரோடு இருக்குமா? அந்தக் கேள்வி பழகிவிட்டால் காசும் மிஞ்சும், மனமும் நோகாது. இந்த மண்ணோடு நீண்டகாலம் பழகியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. உங்கள் வலயத்தின் இலக்கத்தை அறிந்துகொள்ளுங்கள்.

கனடாவை 0 முதல் 9 வரை தாவர வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இலக்கம் குறையக் குறையக் குளிர் கூடும். 1967இல் முதலில் வெளியான அந்த வரைபடம், குளிர்கால வெப்பநிலையோடு உறைபனி இல்லாத நாட்கள், மழை, பனியின் ஆழம், காற்றின் வேகம் என்பவற்றையும் சேர்த்துக் கணிக்கிறது. கடையில் சட்டியில் செருகியிருக்கும் அட்டையிலோ பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குத்தான் இருக்கும். அது ஆண்டுதோறும் வரும் ஆகக்குறைந்த வெப்பநிலையின் சராசரியை மட்டும் பார்க்கிறது. அதன்படி 5ஆம் வலயம் என்றால் சுமார் −29 முதல் −23 பாகை செல்சியஸ் வரை. 6ஆம் வலயம் என்றால் −23 முதல் −18 வரை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம் வரும்.

ரொறன்ரோவில் ஏரிக்கரைப் பக்கம் குளிர் சற்று மிதம். ஏரியை விட்டு வடக்கே போகப் போகக் கடுமை கூடும். ஆகவே எந்தக் கணக்காக இருந்தாலும் 5 அல்லது அதற்குக் குறைந்த இலக்கம் எழுதிய கன்றையே வாங்குங்கள். பல ஆண்டுகள் நிற்கவேண்டிய மரத்துக்கும் பெரிய பற்றைக்கும் 4 என்றால் இன்னும் நல்லது. பியர்சன் விமான நிலையத்தில் 1981 ஜனவரி 4ஆம் நாள் −31.3 பாகை பதிவானது. சராசரி என்பது அப்படிப்பட்ட ஒரு இரவைக் கணக்கில் மறைத்துவிடும். மரம் அந்த இரவையும் தாண்டவேண்டும்.

2. குளிர் எப்படிக் கொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

குளிரைத் தாங்கும் செடி தன்னைத் தானே ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. ஓகஸ்ட் முடிவில் பகல் சுருங்குவதை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்துகிறது. கலங்களில் நீரைக் குறைத்துச் சர்க்கரையைச் சேர்க்கிறது. பனிக்கட்டி கலங்களுக்கு வெளியே உருவானால் செடி சமாளிக்கும். கலத்துக்குள்ளேயே உருவானால் அந்தப் பகுதி செத்துவிடும். ஒக்ரோபரில் திடீரென்று விழும் கடுங்குளிர், ஜனவரியின் அதே குளிரைவிடக் கூடிய சேதம் செய்வதற்குக் காரணம் இதுதான்.

வேறு வழிகளும் உண்டு. பெப்ரவரி, மார்ச்சில் மண் பகலில் இளகி இரவில் உறையும்போது வேர்ப்பந்தையே மேலே தள்ளிவிடும். வெளியே தெரியும் வேர் காய்ந்துபோகும். பசுமை மாறாச் செடிகள் வெயிலிலும் காற்றிலும் இலைவழியே நீரை இழக்கும்; உறைந்த மண்ணிலிருந்து வேரால் நீர் எடுக்க முடியாது; இலை பழுப்பாகிவிடும். இலையுதிர்காலத்தில் நீர் தேங்கி நின்ற மண்ணில் வேர் அழுகும். இவற்றுக்கெல்லாம் நடுவே செடிக்குத் துணை நிற்பது, நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்தப் பனிதான். தரையில் கனமாகக் கிடக்கும் பனி கம்பளிபோல வேரைக் காக்கும். பனியே இல்லாமல் வெறுங்குளிர் மட்டும் அடிக்கும் ஆண்டுகளில்தான் செடிகள் கூடுதலாகச் சாகின்றன.

3. ஓராண்டு வளவைப் பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள்.

ஒரே வளவுக்குள்ளும் குளிர் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடமேற்குக் காற்று நேரே அடிக்கும் மூலை, தெற்கு வெயில் படும் செங்கல் சுவர், கூரை விளிம்பின் கீழே பனியும் மழையும் விழாத வறண்ட இடம், பனி கடைசியாகக் கரையும் வேலியோரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். யூன் மாதத்தில் ஒரு நாள் காலை, மதியம், மாலை என மூன்று தரம் பார்த்து எந்த இடத்தில் எத்தனை மணிநேரம் வெயில் படுகிறது என்று குறித்துவையுங்கள். ஆறு மணிநேரத்துக்கு மேல் என்றால் முழு வெயில்.

சூடான இடம் எல்லாச் செடிக்கும் நல்லதென்று நினைக்காதீர்கள். மக்னோலியாவைத் தெற்குச் சுவரோடு வைத்தால் ஏப்ரல் முதல் வெயிலிலேயே மொட்டு விரிந்துவிடும். அடுத்த உறைபனி இரவில் பூவெல்லாம் கருகிவிடும். மரம் சாகாது, ஆனால் அந்த ஆண்டுப் பூ போய்விடும். சற்றுக் குளிரான கிழக்கு அல்லது வடக்குப் பக்கத்தில் வைத்தால் பிந்திப் பூத்துத் தப்பும். குளிர் தாங்கக்கூடிய நட்சத்திர மக்னோலியாவைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த விதியை மறக்கவேண்டாம்.

4. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்துவிட்டு, களிமண்ணின் மேல் புல்லுத் தகட்டை விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒருமுறை வற்றியபின் மறுபடி ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் லவெண்டர் வாழாது. கொம்போஸ்ற் கலந்து பாத்தியை உயர்த்துங்கள். அல்லது ஈரம் தாங்கும் செடியை அங்கே வையுங்கள்.

லவெண்டரைப் பற்றி இன்னொரு வார்த்தை. கடையில் முயல்காதுபோல உச்சியில் இதழ் நீட்டி நிற்கும் ஸ்பானிய லவெண்டர் இந்தக் குளிரில் நிச்சயம் சாகும். ஆங்கில லவெண்டரில் ‘மன்ஸ்ரெட்’, ‘ஹிட்கொட்’ என்ற வகைகளைக் கேட்டு வாங்குங்கள். அவையும் காலில் ஈரம் நின்றால் பிழைக்கமாட்டா.

5. முதல் காசை மரத்துக்கும் பற்றைக்கும் செலவிடுங்கள்.

இங்கே பலரும் சின்னப் பூச்செடிகளில் தொடங்கிப் பற்றைகளைப் பிறகு யோசிக்கிறார்கள். பற்றைதான் பெருக நாள் எடுக்கும். அதை முதலில் வையுங்கள். நம்பி வைக்கக்கூடியவை இவை.

லைலக்: மே மாத நடுவில் இருந்து பூக்கும், வாசம் தெருவெல்லாம் நிறையும். வெயில் நிறைய வேண்டும். ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்ரன் என்ற அம்மையார் 1920களில் உருவாக்கிய லைலக் வகைகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. கடுங்குளிரைத் தாங்குபவை, மற்ற லைலக்குகள் முடியும்போது பூக்கத் தொடங்கும். லைலக்கைப் பூ உதிர்ந்த உடனே வெட்டவேண்டும். இலையுதிர்காலத்தில் வெட்டினால் அடுத்த ஆண்டின் மொட்டையே வெட்டி எறிகிறீர்கள்.

ஹைட்ரேஞ்சா: இதில்தான் புதியவர்கள் மிகவும் ஏமாறுகிறார்கள். கடையில் நீலமும் ரோசாவும் கலந்து பந்து பந்தாக நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவார்கள். அந்த வகை முந்தின ஆண்டுத் தண்டிலே மொட்டு வைக்கிறது. நமது குளிரில் தண்டு செத்துவிட, வேரிலிருந்து இலை மட்டும் தழைத்துப் பூவே இல்லாமல் நிற்கும். கூம்புப் பூக்கொத்து வைக்கும் ‘லைம்லைட்’ போன்ற வகைகளும், வெள்ளைப் பந்தாகப் பூக்கும் ‘அனபெல்’லும் அந்தந்த ஆண்டுத் தளிரிலேயே பூக்கின்றன. குளிர் என்ன செய்தாலும் அவற்றின் பூ தவறாது.

செந்தண்டு டொக்வுட், சேர்விஸ்பெரி: இரண்டும் ஒன்ராறியோ மண்ணுக்கே உரியவை. முன்னதன் தண்டு பனிக்கு மேலே செக்கச்செவேலென்று நிற்கும். பின்னது ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளைப் பூவும் யூனில் பழமும் தரும். பழத்தைக் குருவிகள் விட்டுவைத்தால் நீங்களும் சாப்பிடலாம்.

ரொறன்ரோ நகர எல்லைக்குள் வீடு என்றால், வீட்டின் முன்னே தெருவோர நிலம் நகரசபைக்கு உரியதாக இருக்கும். அங்கே நகரசபையே இலவசமாக மரம் நட்டுத் தரும். கேட்டு வாங்குங்கள்.

6. ரோசாவை இந்த நாட்டு வகையில் தேடுங்கள்.

ரோசா இல்லாத முற்றம் நம்மவருக்கு மனதுக்குப் பிடிக்காது என்று அறிவேன். பூக்கடையில் காணும் நீண்ட தண்டு ரோசாக்கள் பெரும்பாலும் வேறொரு காட்டு ரோசாவின் வேரில் ஒட்டப்பட்டவை. கடுங்குளிரில் ஒட்டுக்கு மேலே செத்துவிட்டால், வேரிலிருந்து அந்தக் காட்டு ரோசா எழும்பி வேறு நிறத்தில் பூக்கும். அப்படிப்பட்டதை வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒட்டு மண்ணுக்குக் கீழே சுமார் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கும்படி நடுங்கள்.

அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒட்டாவாவில் ஃபெலிசிற்றாஸ் ஸ்வெய்டா என்ற விஞ்ஞானி 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்து, கனடாவின் குளிரில் மூடாமலே நிற்கும் ரோசாக்களை உருவாக்கினார். இவற்றுக்கு இந்நாட்டின் பழைய நாடுகாண் பயணிகளின் பெயர்களை இட்டார்கள். ‘ஜோன் கபொட்’, ‘வில்லியம் பஃபின்’ இரண்டும் வேலியில் ஏறும். ‘ஷம்ப்ளேன்’ சிவப்பாகப் பற்றையில் பூக்கும். மனிற்றோபாவில் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ‘மோர்டன் பிளஷ்’ போன்றவையும் உண்டு. இவை சொந்த வேரில் நிற்பவை. மேல்தண்டு செத்தாலும் அதே ரோசாதான் திரும்ப எழும்பும். கடையில் ‘எக்ஸ்ப்ளோரர்’, ‘பார்க்லண்ட்’ என்ற வரிசைப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

7. பல்லாண்டுச் செடிகளை வெயிலுக்கும் நிழலுக்கும் பிரித்து வாங்குங்கள்.

மேலே காய்ந்து, வேரால் குளிரைக் கடந்து, வசந்தத்தில் திரும்ப எழும்புபவை இவை. வெயிலுக்குப் பியோனி, டேலிலி, சைபீரிய ஐரிஸ், ஊதாக் கூம்புப்பூ, சீடம். நிழலுக்கு ஹொஸ்ரா, அஸ்ரில்பி, காட்டு இஞ்சி. இவை எல்லாம் 3 அல்லது 4ஆம் வலயம்வரை தாங்குபவை.

இவற்றுள் பியோனிக்கு ஒரு தனி இடம் கொடுங்கள். குளிர் இல்லாவிட்டால் அது பூக்கவே மாட்டாது. இந்த நாட்டுக்கென்றே வாய்த்தது. ஒருமுறை வேரூன்றினால் உங்கள் பேரப்பிள்ளைகளும் அதில் பூப்பறிக்கலாம். செப்ரெம்பரில் நடுவது நல்லது. கிழங்கின் சிவந்த முளைகள் மண்ணுக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஆழமாக நட்ட பியோனி இலை மட்டும் தரும், பூ தராது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருங்கள். மொட்டில் எறும்பு ஏறினால் மருந்து அடிக்கவேண்டாம். மொட்டில் சுரக்கும் இனிப்பைத் தேடி வருகிறது, பூவுக்கு ஒரு கெடுதியும் செய்யாது.

8. ஊர்ப் பூவுக்கு ஏங்கினால், இங்கே வாழும் அதன் உறவைத் தேடுங்கள்.

சாமிக்கு வைக்கச் செவ்வரத்தை வேண்டும், வாசத்துக்கு மல்லிகை வேண்டும் என்ற ஏக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. ஊர்ச் செவ்வரத்தையை நிலத்தில் நட்டால் முதல் உறைபனியோடு கதை முடியும். ஆனால் அதே குடும்பத்தில் இரண்டு செடிகள் இங்கே நிற்கும்.

ஒன்று ‘ரோஸ் ஒஃப் ஷரன்’ என்ற பற்றை. 5ஆம் வலயம்வரை தாங்கும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் வெள்ளை, ஊதா, ரோசா நிறங்களில் பூக்கும். இலையையும் பூவையும் பார்த்தால் நம் செவ்வரத்தையின் சொந்தமென்று பிள்ளைகளுக்கே விளங்கும். விதை நிறைய விழுந்து முளைக்கும். காய்களை முற்றுமுன் வெட்டிவிடுங்கள். மற்றது சதுப்புநிலச் செவ்வரத்தை. ஈரி ஏரியின் கரைச் சதுப்புகளில் இயற்கையாகவே வளர்வது. இதன் தோட்ட வகைகள் சாப்பாட்டுத் தட்டு அளவு பூக்கும். ஈரமான களிமண்ணும் இதற்கு ஒத்துவரும். இது மண்ணிலிருந்து மே முடிவில், சிலவேளை யூனில்தான் தலைகாட்டும். செத்துவிட்டதென்று தோண்டி எறிந்தவர்கள் நிறையப் பேர். நட்ட இடத்தில் ஒரு தடி ஊன்றிவைத்துக் காத்திருங்கள்.

மல்லிகைக்குப் பதில் ‘மொக் ஒரேஞ்’ என்ற பற்றையைச் சொல்வேன். யூனில் வெள்ளை வெளேரென்று பூத்து மாலை வேளையில் மணக்கும்; 4ஆம் வலயம்வரை நிற்கும். சில வகைகளுக்கு வாசமே இல்லை. ஆகவே பூத்திருக்கும் நேரத்தில் கடைக்குப் போய் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மே மாத வாசத்துக்குக் கொரிய வைபேர்ணம் நல்லது.

செவ்வந்தியைச் செப்ரெம்பரில் பூத்த நிலையில் வாங்கி நட்டால் வேர் பிடிக்க அவகாசம் இல்லாமல் செத்துவிடும். அதை அந்தப் பருவத்து அலங்காரமாக மட்டும் கொள்ளுங்கள். நிலைக்கவேண்டுமென்றால் குளிர் தாங்கும் வகையை வசந்தத்தில் நடவேண்டும். நவராத்திரிக் காலத்தில் தவறாமல் பூ வேண்டுமென்றால் இந்த நாட்டு அஸ்ரர் வையுங்கள். ஊதாவில் மஞ்சள் நடுவோடு கொத்துக் கொத்தாகப் பூக்கும். தேனீக்களுக்கும் அது கடைசி உணவு.

9. ஊர்ச் செடியைச் சட்டியில் வையுங்கள்.

மல்லிகை, நந்தியாவட்டை, அலரி, கறிவேப்பிலை எல்லாம் சட்டியில்தான். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்குமுன் உள்ளே எடுங்கள். இலையின் அடிப்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவி எடுங்கள். மே மாதம் வெளியே விடும்போது முதல் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்குங்கள். குளிர் தாங்கும் செடியையும் வெளியே சட்டியில் விடுவதானால், உங்கள் வலயத்தைவிட இரண்டு இலக்கம் குறைந்ததாகத் தேர்ந்தெடுங்கள். நிலத்தில் வேரைச் சுற்றியுள்ள மண் காப்பாற்றும். சட்டியில் நாலு பக்கமும் குளிர் தாக்கும்.

10. ஒக்ரோபரில் கிழங்குகளை மறக்காதீர்கள்.

நீண்ட குளிருக்குப் பிறகு முதலில் முகம் காட்டுபவை இவை. ஸ்னோட்ரொப் மார்ச்சில் வரும். பிறகு குறோக்கஸ், டஃபோடில், ரியூலிப். ஒக்ரோபரில், 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடுங்கள். சின்னக் கிழங்குகளுக்கு அதில் பாதி போதும். ரியூலிப் பூக்கக் குளிரில் மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கவேண்டும். அதனால்தான் நம் ஊரில் அது சரிவராது. 1945இல் நெதர்லாந்து அரச குடும்பம் நன்றிக்கடனாக ஒட்டாவாவுக்கு ஒரு லட்சம் ரியூலிப் கிழங்குகளை அனுப்பியது. இன்றும் மே மாதத்தில் அங்கே ரியூலிப் விழா நடக்கிறது. ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிச்செல்லுங்கள். உங்கள் வளவில் அணில் தொல்லை கூடுதலென்றால் டஃபோடில் வையுங்கள். அது நஞ்சு என்பதால் அணில் தொடாது.

11. இலை உதிர்ந்த பிறகும் அழகு வேண்டுமென்று திட்டமிடுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம் உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று யோசித்தீர்களா? வெண்சீடர், ஜூனிப்பர் போன்ற பசுமை மாறா மரம் ஒன்றாவது வேண்டும். செந்தண்டு டொக்வுட்டை முன்பே சொன்னேன். ‘கார்ல் ஃபோர்ஸ்ரர்’ என்ற உயரப் புல் பனியிலும் நிமிர்ந்து நிற்கும். விச் ஹேசல் என்ற நாட்டு மரம் ஒக்ரோபர், நவம்பரில், மற்ற எல்லாம் ஓய்ந்தபின், மஞ்சளாகப் பூக்கும்.

சீடரைக் காப்பாற்றத் தண்ணீர்தான் மருந்து. மண் உறையும்வரை, நவம்பரிலும், வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள். புதிதாக நட்டதென்றால் காற்றடிக்கும் பக்கத்தில் சாக்குத் துணியால் ஒரு மறைப்புக் கட்டுங்கள்; மரத்தின் மேல் இறுக்கிச் சுற்றவேண்டாம்.

12. உப்பையும் சவளையும் கணக்கில் எடுங்கள்.

வாகனம் நிறுத்தும் பாதையோரம் நீங்கள் அள்ளிப்போடும் பனி எங்கே குவிகிறது? அதோடு உப்பும் குவிகிறது. அந்த இடத்தில் சீடரும் ஜப்பானிய மேப்பிளும் வேண்டாம். டேலிலி, சீடம், சுருக்க இலை கொண்ட ருகோசா ரோசா ஆகியவை உப்பையும் ஓரளவு தாங்கும்.

13. சில செடிகளை எவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கவுட்வீட், பெரிவிங்கிள், ஆங்கில ஐவி இவை எல்லாம் குளிரை நன்றாகத் தாங்கும்; தாங்குவதோடு நில்லாமல் வேலியைத் தாண்டிப் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் இறங்கி அங்குள்ள செடிகளை அழிக்கும். ரூஜ் தேசிய நகரப் பூங்கா ஸ்காபரோவின் பக்கத்திலேயே இருக்கிறது. நம் வளவிலிருந்து போகும் விதையும் வேரும் அந்தக் காட்டைக் கெடுக்க நாம் விடக்கூடாது. நோர்வே மேப்பிளும் அப்படித்தான்.

பொக்ஸ்வுட் வேலியை இப்போது புதிதாக வைக்கவேண்டாம். அதன் இலையைத் தின்னும் அந்துப்பூச்சி 2018இல் ரொறன்ரோவில் காணப்பட்டது. வட அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. இலையெல்லாம் தின்று பற்றையையே கொன்றுவிடும்.

சின்னப் பிள்ளைகளும் பூனையும் உள்ள வீடென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஃபொக்ஸ்குளோவ், மொங்ஸ்ஹூட், பள்ளத்தாக்கு லிலி, யூ மரத்தின் விதை எல்லாம் கடும் நஞ்சு. லிலியும் டேலிலியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரையே எடுக்கும். பூனை வளர்ப்பவர்கள் நான் மேலே சொன்ன டேலிலியை விட்டுவிடுங்கள்.

14. நடும் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

குளிர் தாங்கும் பற்றைகளையும் பல்லாண்டுச் செடிகளையும் மண் இளகியதும் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்தே நடலாம். உறைபனி தாங்காத பூச்செடிகளை விக்டோரியா தின வார இறுதிவரை நிலத்தில் வைக்காதீர்கள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமைதான் அந்த நாள். இலையுதிர்காலத்தில் நடுவதென்றால் மண் உறைவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னே முடித்துவிடுங்கள். பசுமை மாறாச் செடிகளைச் செப்ரெம்பர் முடியுமுன் நடுங்கள்.

மரத்துக்குக் குழி வெட்டுமுன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவியுங்கள். நிலத்தடி எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். தோண்டுவதற்கு முன் அறிவிப்பது சட்டக் கடமையும்கூட.

15. ஓகஸ்ட் நடுவோடு உரத்தை நிறுத்துங்கள்.

அதன்பின் தழையுரம் போட்டாலும், கத்தரித்துவிட்டாலும் இளந்தளிர் கிளம்பும். அது முதிருமுன் உறைபனி வரும். செடி ஓய்வுக்குப் போக நினைக்கும் நேரத்தில் அதைத் தட்டி எழுப்பக்கூடாது. தண்ணீர் மட்டும் தொடர்ந்து ஊற்றுங்கள்.

காய்ந்த தண்டுகளை இலையுதிர்காலத்தில் மொட்டையடிக்கும் வழக்கத்தையும் விடுங்கள். அவை பனியைப் பிடித்துவைக்கும். விதை குருவிக்கு ஆகும். தண்டுக்குள்ளே காட்டுத் தேனீக்கள் குளிரைக் கழிக்கும். நோய்கண்ட இலைகளை மட்டும் அகற்றுங்கள். மண் உறைந்த பிறகு மரச்சீவலோ காய்ந்த இலையோ ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்புங்கள். உறைந்த மண் உறைந்தே கிடக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். அடிக்கடி இளகி உறைந்தால்தான் வேர் மேலெழும்பும். மரத்தின் அடித்தண்டைத் தொடாமல் விலக்கிப் போடுங்கள். ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், எலியும் கடிக்கும்.

16. யூன் நடுவுக்கு முன் எதையும் செத்ததென்று தீர்மானிக்காதீர்கள்.

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தாலும் அடியிலிருந்து தளிர் வரக்கூடும்.

17. வாங்குமுன் வளர்ந்து நிற்பதைப் போய்ப் பாருங்கள்.

அட்டையில் உள்ள படத்தைவிட, இந்தக் குளிரில் பல ஆண்டு நின்ற செடி உண்மை சொல்லும். ஸ்காபரோவில் கிங்ஸ்ரன் வீதியில் ரொசெற்றா மக்ளேன் பூங்கா இருக்கிறது. யூனில் அங்கே ரோசாக்களைப் பாருங்கள். லோறன்ஸ், லெஸ்லி சந்தியில் எட்வேர்ட்ஸ் தோட்டமும் ரொறன்ரோ தாவரவியல் தோட்டமும் உண்டு. மே முடிவில் ஹமில்ரன் பக்கத்து றோயல் தாவரவியல் தோட்டத்துக்குப் போனால் லைலக் வகைகள் ஏராளமாகக் காணலாம். பெயர்ப்பலகையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துவந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேளுங்கள். நவம்பரிலும் ஒருமுறை போங்கள். எது இலை போன பிறகும் அழகாக நிற்கிறது என்று அப்போது தெரியும்.

18. கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

முதலாண்டில் ஒரு லைலக், ஒரு கூம்பு ஹைட்ரேஞ்சா, ஒரு பியோனி, ஒக்ரோபரில் ஒரு பை டஃபோடில். அவ்வளவு போதும். அடுத்த ஆண்டு உங்கள் வளவில் எந்த மாதம் பூவில்லாமல் வெறுமையாக நிற்கிறது என்று பார்த்து, அந்த மாதத்தில் பூக்கும் ஒன்றைச் சேருங்கள். ஏப்ரலில் டஃபோடில், மேயில் லைலக், யூனில் பியோனியும் மொக் ஒரேஞ்சும், யூலையில் ரோசா, ஓகஸ்டில் சதுப்புநிலச் செவ்வரத்தை, செப்ரெம்பரில் ஹைட்ரேஞ்சா, ஒக்ரோபரில் அஸ்ரர் என்று நாலைந்து ஆண்டுக்குள் வளவு நிறைந்துவிடும். ஆண்டுதோறும் மே மாதம் வாங்கி ஒக்ரோபரில் எறியும் பூச்செடிகளுக்குச் செலவிடும் காசில் இதைச் செய்யலாம்.

இந்த நாட்டில் குளிர் தவறாமல் வரும். அதைத் தாங்கும் செடியும் இங்கே தாராளமாக உண்டு. அவற்றைத் தெரிந்து வையுங்கள். பூ மலர்ந்ததும் ஒரு கிளையை வெட்டிப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள். கன்று பெருகியதும் பிரித்துப் புதிதாக வீடு வாங்கிய இன்னொரு பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது அதன் பெயரையும், அது எந்த வலயம்வரை தாங்கும் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.